பீரோவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

சார், இப்படி நிழலுக்கு வாருங்கள். உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். சாதாரணச் சிரிப்பு இல்லை, பல்வலிக்காரரே பல்லை மறந்து சிரிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது தர மாட்டேன். தந்துவிட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். போனால் எனக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்குத்தான் நஷ்டம். மணி அடிக்கிற நேரத்தில் தருகிறேன். அதுவரை உட்காருங்கள்.

கன்னத்தில் கைக்குட்டை எதற்கு? பல் பிடுங்கியிருக்கிறீர்களா? வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரா? நல்லதாகப் போயிற்று. நீங்கள் தலையை ஆட்டுங்கள், போதும். பேச்சு முழுவதும் என் பொறுப்பு.

என் தமிழைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டில் இப்படிப் பேசினால் அம்மா கரண்டியை எடுப்பாள். பெரிய மனிதர்களிடம் பேசும்போது அச்சுத் தமிழில் பேசு என்று லைப்ரரி பார்க்கிற லில்லிபுஷ்பம் டீச்சர் சொல்லியிருக்கிறார். நீங்கள் பெரிய மனிதர் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புத் தோல்பை. காலைப் பஸ்ஸில் வந்து இந்தப் பனைவிளை விலக்கு நிறுத்தத்தில் இறங்கி, எதிரே இருக்கிற பள்ளிக்கூட வாசலைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வை. இருந்தாலும் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். இன்றைக்குப் புதுத் தாளாளர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். தாளாளரை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நான் பொதுவாகச் சொன்னேன்.

என் பெயர் ஆல்வின். பிளஸ் டூ முடித்துவிட்டேன். திங்கட்கிழமை தூத்துக்குடியில் காலேஜ் திறக்கிறது. அம்மா இந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். வீட்டில் சும்மா இருந்தால் இவன் ஊரை விற்றுவிடுவான் என்று ஜூன் மாதம் என்னையும் கூடவே இழுத்து வந்தாள். எனக்கு ஒரே ஒரு தொழில்தான் தெரியும். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டக்டர் குரலில் விசில் இல்லாமலே பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேன். எங்கள் எச்.எம். குரலில், 'ஆல் டீச்சர்ஸ், கம் டு மை ரூம்,' என்று ஒருநாள் ஜன்னலோரம் நின்று சொன்னேன். எல்லா டீச்சரும் போனார்கள். எச்.எம்.மும் போனார் சார், யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்க.

இல்லை, இது அந்தச் சிரிப்பு இல்லை. அது பின்னால் வரும்.

முதலில் லைப்ரரி. அதோ, ரோட்டைப் பார்த்து ஜன்னல் வைத்திருக்கிற அறை. உள்ளே இப்போது போக முடியாது, தரை கழுவிவிட்டிருக்கிறார்கள். வழுக்கும். மணி அடித்ததும் காய்ந்துவிடும்.

தொடக்கப் பள்ளிக்கூடத்தில் லைப்ரரி டீச்சர் என்றால் ஊரில் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து 'ஷ்ஷ்' என்று சொல்வதற்குச் சம்பளம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். மின்விசிறி ஓடவில்லை.

ஆனால் அறைக்கு நல்ல பூட்டு உண்டு. பள்ளிக்கூடத்திலேயே நல்ல பூட்டு அதுதான். ஆகவே சத்துணவு முட்டைத் தட்டுகளை அங்கேதான் அடுக்குவார்கள். ஒரு பக்கம் புத்தக பீரோ, ஒரு பக்கம் முட்டை. முட்டை ஒன்று உடைந்தால் எச்.எம். ஓடி வருவார், அம்மா ஓடி வருவாள், விசாரணை நடக்கும். புத்தகம் ஒன்று கிழிந்தால் லில்லிபுஷ்பம் டீச்சர் மட்டும் பசைப் புட்டியோடு வருவார்.

பிள்ளைகள் வந்து கேட்கிற விதத்தைக் கேளுங்கள். 'டீச்சர், அந்தப் புக்கு வேணும்.' 'எந்தப் புக்குல?' 'அன்னிக்கு ஒரு பையன் வச்சிருந்தாம்லா, அது.' 'பேரு என்ன?' 'பையன் பேரா, புக்கு பேரா?' 'புக்கு பேருல.' 'தெரியாது டீச்சர். பையன் பேரும் தெரியாது. பச்சையா இருக்கும்.' டீச்சர் எழுந்து போய் ஒரு பச்சைப் புத்தகத்தை எடுத்து வருவார். 'இது இல்ல டீச்சர். உள்ளதான் பச்சையா இருக்கும்.' மறுபடி எழுந்து போவார். காடு படம் போட்ட ஒன்றை எடுத்து வருவார். அதுதான் அது. பையன் வாங்கிக்கொண்டு ஓடுவான். நன்றி கின்றி ஒன்றும் கிடையாது. டீச்சர் மட்டும் பெரிய பரிசு வாங்கியவர் மாதிரி நாற்காலியில் உட்காருவார். என்ன வேலை சார் இது?

போன புத்தகம் சட்னியோடு திரும்பி வரும். ஒன்று வரவே இல்லை. டீச்சர் வீடு தேடிப் போனார், மாவுச் சட்டிக்கு மூடியாக இருந்தது. 'அப்ப சட்டிய எதவச்சு மூட?' என்று அந்த வீட்டம்மா சண்டைக்கு வந்தார். மறுநாள் டீச்சர் தம் வீட்டிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை மீட்டு வந்தார்.

இதையெல்லாம்விட, எச்.எம். பேசுவதைக் கேட்க வேண்டும். எந்தப் பிள்ளை சேட்டை பண்ணினாலும் ஒரே தண்டனைதான். 'போ. லைப்ரரில போய் நில்லு. அப்பதான் புத்தி வரும்.' ஆகையால் நான் போன புதிதில் லைப்ரரி என்றால் சேட்டை பண்ணியவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிற இடம். நல்ல பிள்ளைகள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். பெயர் கெட்டுவிடும்.

அப்படியே வருகிற ஒன்றிரண்டு பிள்ளைகளையும் டீச்சர் வாசலிலேயே நிறுத்துவார். 'கை கழுவினியா? காட்டு. திருப்பிக் காட்டு.' போலீஸ் சோதனை தோற்றுவிடும். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, நகக்கண்ணுக்கு ஒன்று தனியாக.

இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க நான் என்ன சாமியாரா? ஒருநாள் டீச்சர் பசை வாங்கப் போன நேரத்தில் பீரோவுக்குப் பின்னால் நுழைந்துகொண்டு, அவர் குரலிலேயே, 'இன்னிக்கு கை கழுவாண்டாம், அப்படியே உள்ள வாங்க,' என்றேன். மூன்றாம் வகுப்பு மொத்தமும் மாங்காயும் மிளகாய்ப் பொடியுமாக உள்ளே பாய்ந்தது. டீச்சர் திரும்பி வரும்போது ஒவ்வொரு கையிலும் ஒரு புத்தகம், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கை அச்சு.

திட்டுவார், கம்பு வரும் என்று காத்திருந்தேன். டீச்சர் பீரோவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, 'ஏல ஆல்வின், பீரோவுக்குப் பின்னால ஒரே தூசியா கெடக்கு. நாளைலருந்து வந்து தட்டு,' என்றார். அவ்வளவுதான். அப்பாவி சார். யார் செய்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் போனால் பீரோவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. தூசி தட்டுகிறவனுக்கு எதற்கு ஸ்டூல்? மேலே ஒரு பழைய தலையணை வேறு. அவர் எதை யோசித்து அதைப் போட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இலவசமாகக் கிடைத்த ஆசனத்தை விடக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? ஓ, சர்பத்தா? எனக்கும் வாங்குகிறீர்களா? எதற்கு சார் சிரமம். நன்னாரி போதும். பார்த்தீர்களா, நான் கதை சொன்னால் யாருக்கும் எழுந்து போக மனம் வராது.

எங்கே விட்டேன்? ஸ்டூல். அன்றைக்கு இரண்டாம் வகுப்பு. தனுஷ்யா என்று ஒருத்தி. முன்பல் இரண்டும் இல்லை, பயம் அதற்கும் முன்பே விழுந்துவிட்டது. ஒரு ராஜா கதையை எடுத்துத் திறந்தாள். நான் பின்னாலிருந்து அடித்தொண்டையில், 'யாரடா என் பக்கத்தை மடித்தது?' என்றேன். கூட இருந்த பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். இவள் ஓடவில்லை. புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, 'நான்தான் மடிச்சேன். நீ ஏன் ராணிட்ட சொல்லாம காட்டுக்குப் போன?' என்றாள்.

ராஜா எதற்குக் காட்டுக்குப் போனான் என்று எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. பாடப் புத்தகம் தவிர எதையும் கண்டதில்லை, அதையும் தேவைக்கு மேல் கண்டதில்லை. 'நாளை வா, சொல்கிறேன்,' என்று கர்ஜித்தேன். 'நாளைக்கு வருவேன்,' என்றாள். மிரட்டல் மாதிரி இருந்தது.

ஏமாற்றுவது என்றால் அதற்குப் படிக்க வேண்டியிருக்கிறது சார், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்ல வேளையாக டீச்சரே அன்று சாயங்காலம், 'ஏல, இந்தப் புக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயி அட்டை போட்டுட்டு வா,' என்று ஒரு கட்டைத் தலையில் ஏற்றினார். ராஜா கதை மேலாகவே இருந்தது. அட்டை போட்டேன். போடுகிற சாக்கில் ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். கையெழுத்துப் போடாமல், பெயர் பதியாமல், அவ்வளவு புத்தகம். டீச்சருக்கு இந்த மோசடி தெரியவே தெரியாது. முடித்துக்கொண்டு போனால் அடுத்த கட்டு தயாராக வைத்திருப்பார்.

அதன் பிறகு என்ன, திருவிழாதான். யானைப் புத்தகத்தைத் திறந்தால் யானை மூக்கடைப்போடு பேசும். நரி எச்.எம். மாதிரி இங்கிலீஷ் கலந்து பேசும். பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்க வரிசையில் நின்றார்கள். நல்ல பிள்ளைகள் எச்.எம். அறைக்குப் போய், 'பெரிய டீச்சர், நான் என்ன பாவம் பண்ணேன், என்னைய மட்டும் லைப்ரரிக்கு அனுப்பவே மாட்டேங்கிய,' என்று அழுதார்கள். ஒருவன் வேண்டுமென்றே முட்டை உடைத்தான்.

லில்லிபுஷ்பம் டீச்சர் மேஜையில் தலைகுனிந்து ஒட்டுவேலை பார்த்துக்கொண்டிருப்பார். புத்தகம் பேசுகிறது, பிள்ளை பதில் சொல்கிறது, இவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஒருநாள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். இன்னொருநாள் பனங்கற்கண்டு. தூசி தட்டுகிறவனுக்குத் தொண்டை கட்டுமாம். இந்த உலகத்தில் இவ்வளவு வெள்ளந்தியாக ஒருவர் பிழைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு நிமிடம் சார். அம்மா, யார் வேண்டும்? பள்ளிக்கூடமா? இதுதான், நேரே உள்ளே போங்கள், குடையை மடக்கிக்கொள்ளுங்கள், வாசலில் கிளை தாழ இருக்கும்.

எப்படி, வாட்ச்மேன் குரல் பொருந்துகிறதா? அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். யாரோ பிள்ளையின் அம்மா போல, ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார். பாருங்கள், எச்.எம். வாசல்வரை ஓடி வருகிறார். பிள்ளை பெரிய சேட்டைக்காரனாக இருப்பான், புகார் சொல்லக் கூப்பிட்டிருப்பார். இவ்வளவு குனிந்து கும்பிடுகிறாரே, பாவம், புகார் சொல்வதற்குக்கூட இப்படிக் குனிய வேண்டியிருக்கிறது. லைப்ரரிக்கு எதற்குக் கூட்டிப்போகிறார்? வாசலில் தனுஷ்யாவை அல்லவா நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அம்மா கையைக் காட்டுகிறார். திருப்பியும் காட்டுகிறார். சிரிக்கிறார். சரிதான், டீச்சர் போட்ட சட்டம், அம்மாவுக்கும் அதுதான்.

தரையா? ஆமாம், ஈரம்தான். அவர் மெதுவாக நடப்பார்.

நான் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டுமா சார்? வேண்டாமா? சரி, கையை விடுங்கள், போகவில்லை. கதையில் இவ்வளவு ஆசையா?

டீச்சரிடம் ஒரு பிஸ்கட் டின் உண்டு. படித்த இடம் மறக்காமல் இருக்கப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் எதையாவது வைத்துவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள். அந்தக் குப்பையையெல்லாம் சேர்த்து வைப்பார். பஸ் டிக்கெட், ரிப்பன், மிட்டாய்த் தாள், மயிலிறகு. ஒரு தடவை காய்ந்த நெத்திலி ஒன்று இருந்தது. மீன்காரி கதைப் புத்தகம், ஆகவே வைத்தவனைக் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் டின்னில் அடிகூட மறையாதாம். இந்த வருடம் நிரம்பி இரண்டாவது டின் போட்டிருக்கிறார். எச்.எம். ஏசிவிட்டுப் போகிற நாளில் மூடியைத் திறந்து கிளறிக்கொண்டிருப்பார். முகம் சரியாகிவிடும். சம்பளம் கூடவில்லை சார், டின்தான் கூடியிருக்கிறது. அதற்கே இவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு, அது போனில் வரும். டீச்சரின் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். தினமும் மத்தியானம் கூப்பிடுவார். டீச்சர் கையில் பசை இருக்கும், ஆகவே போனை மேஜையில் வைத்தே பேசுவார், பீரோவுக்குப் பின்னால் வரை தெளிவாகக் கேட்கும். அவர் பேசுவது இவ்வளவுதான். 'ஏட்டி, சாப்ட்டியா? நான் சாப்ட்டேன். வச்சிருதேன்.' வைத்துவிடுவார். எவ்வளவு பெரிய காதல் பாருங்கள். அந்தக் குரலை நீங்கள் கேட்க வேண்டும் சார், தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு உருட்டின மாதிரி. நான் செய்தால் அச்சு அசலாக இருக்கும். 'ஏட்டி, சாப்ட்டியா?' எப்படி?

புரையேறிவிட்டதா? மெதுவாகக் குடியுங்கள். பல்லில் பட்டிருக்கும்.

ஒருநாள் அந்தக் குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று, 'ஏட்டி லில்லி,' என்று கூப்பிட்டேன். டீச்சர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, வாசல்வரை ஓடினார். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு லாரி போனது. திரும்பி வந்து நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். அன்று அவர் போட்ட அட்டையெல்லாம் தலைகீழாக இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஏனோ சரியாக வரவில்லை. வெயில் அதிகம் அன்றைக்கு.

ஏன் சார் ரோட்டைப் பார்க்கிறீர்கள்? பல் ரொம்ப வலிக்கிறதா? கைக்குட்டையைக் கண்ணில் வைக்கிறீர்களே, பல் கீழே அல்லவா இருக்கிறது. வலி அப்படித்தான், எங்கே என்று தெரியாமல் ஏறும்.

சரி, சிரிப்பான இடத்துக்கு வருகிறேன். இல்லை, பெரிய சிரிப்பு இல்லை, நடுத்தரம். போன மாதம் பழைய தாளாளர் ஐயா வந்தார். எதையும் தொட்டுப் பார்த்துத் தூசியை எண்ணுகிறவர். லைப்ரரிக்குள் வந்து பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை உருவித் திறந்தார். பீரோவுக்குப் பின்னால் நான். யோசித்துப் பாருங்கள். எதிரே தட்டில் லட்டு, கையும் சும்மா இருக்கிறது. டீச்சர் குரலில், 'கை கழுவினியா? காட்டு,' என்றேன். காட்டிவிட்டார் சார். 'திருப்பிக் காட்டு.' திருப்பியும் காட்டினார். அதற்குப் பிறகுதான் தாம் தாளாளர் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

டீச்சர் வாய் மூடித்தான் நின்றிருந்தார், எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் குரல் அவருடையது. ஐயா எச்.எம். அறைக்குப் போய்ப் போட்ட சத்தம் சத்துணவுக் கூடம்வரை கேட்டது. நான் அவர் குரலிலேயே சொல்கிறேன். 'இந்தப் பொடிப்பிள்ளையளுக்கு லைப்ரரி எதுக்கு? அந்த ரூம்ல யூனிபார்ம் விக்கலாம். லில்லிபுஷ்பத்த வேன்ல அட்டெண்டரா ஏத்திவிடுங்க, பிள்ளைய ஏறி எறங்கக் கையப் பிடிக்கட்டும்.' டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் யார் இருந்தது என்றும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வார். பிறகு அவருடைய காலம் முடிந்து, புதுத் தாளாளர் வந்தாயிற்று. புதியவர் நேரில் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்று சொல்வதாக ஏற்பாடு. லைப்ரரியா, யூனிபார்மா. அது இன்றைக்கு.

நான் செய்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழையவர் எப்படியும் மூடத்தான் வந்திருப்பார். ஆனால், நான் யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமலே ஒன்று சொல்லிவைக்கிறேன் சார். ஒருவேளை உங்களுக்குப் புதுத் தாளாளரைத் தெரிந்திருந்தால், அந்தக் குரல் டீச்சர் குரல் இல்லை, சத்துணவுக்காரி மகன் குரல் என்று அவர் காதில் போடுங்கள். அவனும் திங்கட்கிழமை காலேஜுக்குப் போய்விடுவான், தொல்லை விட்டது என்றும் சொல்லுங்கள். எனக்கு என்ன சார், அந்த அறையில் யூனிபார்ம் விற்றால் என்ன, முறுக்கு விற்றால் என்ன. தனுஷ்யாவுக்குத்தான் ராஜாவிடம் இன்னும் கொஞ்சம் சண்டை பாக்கி இருக்கிறது.

அதன் பிறகு டீச்சர் ஒருநாள் கேட்டார். 'ஏல, புதுத் தாளாளர் வரும்போது நீ பீரோக்குப் பின்னால இருந்தா வாய மூடிட்டு இருப்பியா?' நான் உண்மையைத்தான் சொன்னேன், 'முயற்சி பண்ணுதேன் டீச்சர்' என்று. அவர் என்னைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். அடுத்த நாள், 'யானைக் குரல எப்படிப் பேசணும்னு தனுஷ்யாவுக்குச் சொல்லிக்குடு, நச்சரிக்கா,' என்றார். பிறகு நரிக் குரல் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு. கிழவிக் குரல் இன்னொருத்திக்கு. தினமும் மத்தியானம் இதே வேலை. மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் கேட்கிறவன் பயப்படுவான், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கலைஞனிடம் வந்து கேட்கிறார்கள், கொடுக்க வேண்டியதுதானே.

இருங்கள் சார். கேட்கிறதா உங்களுக்கு? 'யாரடா என் பக்கத்தை மடித்தது?' லைப்ரரியிலிருந்து வருகிறது. நான் இங்கே இருக்கிறேன். நான்தானே அது? இல்லை, இல்லை, பல் இல்லாத ராஜா. 'த' எல்லாம் காற்றாகப் போகிறது. தனுஷ்யா சார் அது. ஆனால் இழுப்பு என்னுடையது, அந்தக் கடைசியில் ஒரு உறுமல் வைத்தாளே, அது எங்கள் வீட்டுச் சொத்து. யானை வந்துவிட்டது பாருங்கள். மூக்கடைப்புகூட அப்படியே. என் குரலை இதுவரை யாரும் செய்து நான் கேட்டதில்லை சார். இவ்வளவு மட்டமாகவா இருக்கும்? இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ கை தட்டுகிறார்கள். பெரிய கை, பிள்ளைக் கை இல்லை.

நீங்கள் இங்கே இருக்கும்போது யாருக்கு நடத்துகிறார்கள்? ஒத்திகையாக இருக்கும்.

மணி அடித்துவிட்டது. சரி சார், இப்போது தருகிறேன். கைக்குட்டையை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய சிரிப்பு நீங்கள்தான். ஏமாந்தது நீங்கள். தரை ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, 'ஏல ஆல்வின், வெள்ளை வேட்டியும் கறுப்புப் பையுமா ஒருத்தர் பஸ்ல எறங்குவாரு. புள்ளைய தயாராகுத வரைக்கும், பெல் அடிக்குத வரைக்கும் அவர விலக்குலயே நிறுத்தி வை, எத வேணாலும் பேசு, உள்ள மட்டும் வந்துராத,' என்றார். காலையிலிருந்து உங்களை ஒரு அடி நகரவிட்டேனா? ஒரு சர்பத்தும் உங்கள் கையாலேயே வாங்கிக் குடித்தேன். தாளாளரையே கட்டிப்போட்டவன் இந்த ஆல்வின். இப்போது போங்கள் சார், நல்ல மனதோடு உள்ளே போய்ப் பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். நான் சொன்னேன் அல்லவா. இவ்வளவு சிரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. போதும் சார், பல்.

அந்தக் குடை அம்மா வெளியே வருகிறார். குடையை எச்.எம். அல்லவா பிடித்துக்கொண்டு வருகிறார்? அந்த அம்மா கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. ராஜா கதை. பிள்ளையின் அம்மாவுக்கெல்லாம் புத்தகம் கொடுக்க மாட்டாரே டீச்சர். டீச்சர் டின்னைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அழுகிறாரா, சிரிக்கிறாரா, இங்கிருந்து தெரியவில்லை. போனை எடுக்கிறார். யாருக்கு இப்போது?

உங்கள் போன் அடிக்கிறது சார். எடுங்கள், எடுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, இப்போது போனில் சொன்னீர்களே. கைக்குட்டையை எடுத்துவிட்டு, பல் ஒன்றும் வலிக்காமல். 'ஏட்டி, முடிஞ்சிட்டா? பய இங்கனதான் இருக்கான், நான் வுடல. வச்சிருதேன்.'

சார்.

அண்ணாச்சி, நீங்க திருப்பூர்ல இருந்தா வாரிய?